காப்பகத்தில் ஏன் எப்போதும் இடம் இல்லை? விலங்குகளுக்கு உதவ நினைப்பவர்களுக்கு

அடிபட்ட நாய் ஒன்றைப் பார்த்துவிட்டு விலங்குக் காப்பகத்துக்குப் போன் போட்டவர்களில் பலருக்குக் கிடைத்த பதில் "இடம் இல்லைங்க" என்பதுதான். கோபம் வரும். நன்கொடை வாங்கத் தெரிகிறது, நாயை வாங்க மட்டும் இடமில்லையா என்று தோன்றும். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். ஏன் இடமில்லை என்பது புரிந்தால், உங்கள் பணமும் நேரமும் எங்கே போய்ச் சேர்ந்தால் பயன் என்பதும் புரிந்துவிடும்.

ஒரு காப்பகத்துக்குள் விலங்குகள் தினமும் வருகின்றன. வெளியே போகும் வழிகள் குறைவு. குணமாகித் தன் தெருவுக்கே திரும்பலாம். யாராவது தத்தெடுக்கலாம். இறந்துபோகலாம். இந்த மூன்றில் எதுவும் நடக்காவிட்டால் அங்கேயே தங்கிவிடும். வண்டி ஏறி முதுகெலும்பு முறிந்த நாய்க்குப் பின்னங்கால்கள் வராமலே போகலாம். ஆனாலும் அது பத்து வருடம் உயிரோடு இருக்கலாம். அந்தப் பத்து வருடமும் ஓர் இடம் அதற்குத்தான். இப்படி நிரந்தரமாகத் தங்கிவிட்டவை ஒரு பக்கம் சேர்ந்துகொண்டே போக, புதிதாக வருபவற்றுக்கு எஞ்சும் இடம் கொஞ்சம்தான்.

அப்படியென்றால் காப்பகம் என்பது விலங்குகளுக்கான வீடு இல்லையா? இல்லை. அதை ஆஸ்பத்திரி வார்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியானதும் வீட்டுக்குப் போக வேண்டிய இடம் அது. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதை அங்கே கொண்டுபோய் விடுவது அதற்கு நல்லதல்ல.

இதில் உங்களுக்குச் சந்தேகம் வரலாம். "தெருவில் கிடந்து சாவதைவிட காப்பகம் மேல்தானே?" குட்டி நாய்கள் விஷயத்தில் பெரும்பாலும் மேல் அல்ல. காரணம், பார்வோ (குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தப்பேதியும் உண்டாக்கும் வைரஸ் நோய்). இந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். சாதாரண சோப்புக்கும் பல கிருமிநாசினிகளுக்கும் மசியாது.

ஒரு காப்பகத்தில் காலை வேலையை நின்று பார்த்தால் இதன் பாரம் தெரியும். ஊழியர் கூண்டில் விரித்திருந்த செய்தித்தாளைச் சுருட்டி எடுக்கிறார். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி, ஊறவிட்டு, தேய்த்துக் கழுவி, காயவிட்டு, புதுத் தாள் விரிக்கிறார். பிறகு அடுத்த கூண்டு. கூண்டுகள் நிரம்பி ஆள் குறைவாக இருக்கும் நாளில் ஊறவிடவும் காயவிடவும் நேரம் கிடைப்பதில்லை. அதே துடைப்பம், அதே செருப்பு, அதே கை அடுத்த கூண்டுக்கும் போகிறது. தடுப்பூசி போடாத குட்டி ஒன்று அங்கே வந்தால், வந்த நோக்கமே கெட்டு, சில நாளில் பேதி கண்டு படுத்துவிடும். ராத்திரியில் அட்டைப்பெட்டியில் குட்டிகளைப் போட்டு காப்பக வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இரக்கத்தில்தான் அப்படிச் செய்கிறார்கள். அந்தக் குட்டிகளில் எத்தனை தேறும் என்பதை அவர்கள் திரும்பி வந்து பார்ப்பதில்லை.

சரி, உங்கள் தெருவில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது, என்ன செய்வது? தாய் இருந்தால் குட்டிகளை ஏழெட்டு வாரமாவது தாயோடு விடுங்கள். தாய்க்குச் சாப்பாடு போடுங்கள், அதன் பால்தான் குட்டிகளுக்கு மருந்து. ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் தடுப்பூசி போடுங்கள். அந்த இடைவெளியில் வீடு தேடுங்கள். பால்குடி மறந்ததும் தாய்க்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்ய ஏற்பாடு பண்ணுங்கள். நாயின் கர்ப்பகாலம் இரண்டு மாதம்தான் என்பதால், இதைத் தள்ளிப்போட்டால் அடுத்த ஈற்று வந்துவிடும். பூனைக்குட்டிகள் தனியாகக் கத்துவதைக் கேட்டால் உடனே தூக்கிவிடாதீர்கள். தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கும். எட்ட நின்று சில மணி நேரம் பாருங்கள். ஆபத்தான இடமாக இருந்தால் மட்டும் உடனே எடுங்கள்.

அடிபட்ட விலங்கைப் பார்த்தால் என்ன செய்யலாம்?

முதலில் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். அருகில் போவதற்கு முன் குரல் கொடுங்கள். பழைய போர்வை அல்லது தடித்த துண்டை அதன் தலையும் உடம்பும் மூடும்படி போடுங்கள். வெளிச்சம் மறைந்தால் பல நாய்கள் அடங்கிவிடும். இடுப்போ முதுகோ முறிந்திருக்கலாம் என்று தோன்றினால் கால்களைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு பலகையோ அட்டையோ பக்கத்தில் வைத்து, உடம்பு வளையாமல் அதன்மேல் நகர்த்தி எடுங்கள். மயக்கத்தில் இருப்பதன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

வீட்டில் இருக்கும் வலிமாத்திரையைக் கொடுக்கலாமா? கூடாது. பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும், நாய்க்கும் ஆபத்து. புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றும் பழக்கமும் நம் ஊரில் உண்டு. புழு செத்தாலும் சதை வெந்துபோகும், நக்கினால் விஷம். புழு எடுக்க மருந்து இருக்கிறது, கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

எங்கே கொண்டுபோவது? அரசு கால்நடை மருந்தகம் தாலுகாதோறும் இருக்கிறது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தெரு விலங்குகளையும் பார்க்கிறது. ஆடு மாடுகளுக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ வண்டியை அழைக்கலாம். முடிந்தால் விலங்கை நீங்களே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்விடுங்கள். காப்பக ஆம்புலன்ஸ் ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும், அது வரும்வரை காத்திருப்பதில்தான் பல உயிர்கள் போகின்றன.

கிளி, நட்சத்திர ஆமை, ஆந்தை, பாம்பு, குரங்கு என்றால் வழி வேறு. இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் கீழ் வருபவை. காப்பாற்றுகிறேன் என்று வீட்டில் வைத்துக்கொண்டாலும் சட்டப்படி குற்றம்தான். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

இந்தக் களேபரத்தில் பல்லோ நகமோ பட்டுவிட்டால், அது குட்டியாக இருந்தாலும், கீறல் சின்னதாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே தடுப்பூசிக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. அறிகுறிக்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் வராமல் தடுத்துவிடலாம். விலங்குகளோடு தொடர்ந்து பழகப்போகிறவர்கள் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதைப் போட்டிருந்தாலும், கடி பட்டால் திரும்பவும் ஊசி உண்டு.

பணம் கொடுக்க நினைக்கிறீர்களா? நல்லது. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

பிறந்தநாளுக்கு ஒரே நாளில் 5,000 ரூபாய் கொடுப்பதைவிட, மாதாமாதம் 400 ரூபாய் தவறாமல் போவது காப்பகத்துக்கு அதிக உதவி. ஊழியர் சம்பளம், அரிசி, கோழி, மருந்து, டீசல் எல்லாமே மாதாமாதம் வருகிற செலவு. தீபாவளிக்கு அடுத்த வாரம் வெடிச்சத்தத்தில் ஓடி அடிபட்டவை குவியும். டிசம்பர் வெள்ளத்தில் இன்னொரு கூட்டம் வரும். அப்போது கையில் எவ்வளவு இருக்கும் என்று நிர்வாகிக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் ஒரு டாக்டரைக் கூடுதலாக வேலைக்கு எடுக்கத் துணிவார்.

பொருளாகக் கொடுத்தால்? கேட்டுவிட்டுக் கொடுங்கள். செய்தித்தாள், பருத்திச் சேலை, பழைய போர்வை, சாக்கு, பிளீச்சிங் பவுடர் எல்லாக் காப்பகத்துக்கும் தேவைப்படும். பிஸ்கட் பாக்கெட்டுகள் வேண்டாம், அவை வயிற்றை நிரப்புமே தவிர உடம்பைத் தேற்றாது. பூனைகள் இருக்கும் இடத்துக்கு பினாயில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அதில் உள்ள வேதிப்பொருள் பூனையின் உடம்பில் கழியாமல் நஞ்சாகத் தங்கிவிடும்.

நம்பி எப்படிக் கொடுப்பது? நேரில் போய்ப் பாருங்கள். விலங்குகள் எத்தனை, ஊழியர்கள் எத்தனை பேர், டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், போன மாதம் எத்தனை தத்துப் போயின, எத்தனை இறந்தன என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். இறப்பே இல்லை என்று சொல்லும் காப்பகத்தைவிட, இத்தனை இறந்தன, இன்ன காரணம் என்று பதிவேட்டைத் திறந்து காட்டுவதை நான் அதிகம் நம்புவேன். "யாரையும் திருப்பி அனுப்பமாட்டோம்" என்று பெருமையாகச் சொல்லி, ஐம்பது நாய்கள் இருக்கவேண்டிய கொட்டகையில் இருநூறை அடைத்து வைத்திருந்தால், எவ்வளவு நல்ல மனதோடு நடத்தினாலும் அது விலங்குகளுக்கு வதைதான்.

கைபேசியில் வரும் வேண்டுகோள்களில் கூடுதல் கவனம் வேண்டும். ரத்தம் சொட்டும் நாயின் படம், கீழே ஒரு கியூஆர் கோடு. படம் வேறு யாரோ எப்போதோ எடுத்ததாக இருக்கலாம். எந்த மருத்துவமனை என்று கேட்டு, அங்கே பேசி, பில்லுக்கு நேரடியாகப் பணம் கட்டுங்கள். உண்மையான மீட்பாளர் இதற்குக் கோபப்பட மாட்டார், நிம்மதிதான் அடைவார்.

மீட்பு வீடியோக்கள் தனிக் கதை. மலைப்பாம்பு சுற்றிய நாய்க்குட்டியை ஒருவர் ஓடிவந்து விடுவிப்பார், பார்க்கும் நமக்குக் கண் கலங்கும். விலங்கு ஆபத்தில் மாட்டுவதற்கு முன்பே கேமரா சரியான இடத்தில் ஓடிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். பணத்துக்காக விலங்கை வேண்டுமென்றே சிக்கவைத்து எடுக்கும் படங்கள் உலகெங்கும் வெளிவருகின்றன. திட்டிக் கருத்துப் போட்டாலும் அந்த வீடியோ இன்னும் பலருக்குப் போகும். பகிராமல், கருத்துப் போடாமல், தளத்துக்குப் புகார் மட்டும் அனுப்புங்கள்.

வரிச்சலுகை கிடைக்குமா? 80ஜி பதிவு உள்ள இந்திய அமைப்பு என்றால், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும். புதிய வரிமுறையில் இல்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. பணம் கொடுத்த ரசீதோடு, வரித்துறைத் தளத்தில் எடுக்கும் நன்கொடைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டில் இருக்கிறீர்களா? கனடா, மலேசியா, லண்டன் என்று எங்கிருந்தாலும், உங்களிடம் அந்நாட்டுக் குடியுரிமை இருந்தால் நீங்கள் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவருக்கும் இதேதான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். அதுவும் முதலில் டெல்லியில் உள்ள குறிப்பிட்ட பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. ஊரிலுள்ள சின்னக் காப்பகத்தின் சாதாரணக் கணக்குக்கு, தெரியாமல் அனுப்பிவிட்டால் சிக்கல் அவர்களுக்குத்தான்.

வெளிநாட்டு அமைப்புகளுக்கும் உதவலாமா? தாராளமாக. லண்டனின் பேட்டர்சீ காப்பகம் 1860இல் மேரி டீல்பி என்ற பெண்மணி தொடங்கியது, இன்றும் நடக்கிறது. கென்யாவில் ஷெல்ட்ரிக் அறக்கட்டளை தாயை இழந்த யானைக்கன்றுகளை வளர்க்கிறது. கன்றுக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புட்டிப்பால் வேண்டும். பராமரிப்பாளர்கள் இரவில் கன்றுகளோடு கொட்டடியிலேயே படுக்கிறார்கள். அங்கே "தத்து" என்றால் வருடச் சந்தா கட்டி ஒரு கன்றின் செலவில் பங்கெடுப்பது. வளர்ந்ததும் அது சாவோ காட்டுக்குப் போய்விடும். காட்டுக்குத் திருப்பி அனுப்புவது அங்கே நோக்கமாக இருப்பதைக் கவனியுங்கள்.

இதற்கு நேரெதிரானதும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் சில பண்ணைகள் சிங்கக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, தொண்டு செய்ய வந்தவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு புட்டிப்பால் ஊட்டச் சொல்லும். வளர்ந்த சிங்கங்கள் வேட்டைக்கு விற்கப்பட்டது பலமுறை வெளிவந்திருக்கிறது. சுற்றுலா போகுமிடத்தில் காட்டு விலங்கைத் தொடலாம், மடியில் வைத்துப் படம் எடுக்கலாம், சவாரி போகலாம் என்றால், பெயர்ப் பலகையில் சரணாலயம் என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.

"பணம் இல்லை, ஆனால் வீட்டில் கொஞ்சம் இடம் இருக்கிறது" என்றால் தற்காலிகப் பராமரிப்புக்கு (வீடு கிடைக்கும்வரை சில வாரம் வளர்த்துக் கொடுப்பது) பெயர் கொடுங்கள். ஒரு குட்டி மூன்று வாரம் உங்கள் வீட்டில் இருந்தால் பார்வோவுக்குத் தப்ப வாய்ப்பு அதிகம். கூண்டு ஒன்று காலியாகும். மனிதரோடு பழகிய குட்டிக்கு நல்ல வீடும் சீக்கிரம் அமையும். பிரியும்போது வலிக்குமே என்று தயங்குகிறீர்களா? வலிக்கும்தான். அதற்காகத் தயங்கியவர்களின் வீட்டு இடம் சும்மா கிடக்கிறது, குட்டி கூண்டில் கிடக்கிறது.

தத்தெடுப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். குட்டிதான் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூன்று, நான்கு வயது நாட்டு நாய்க்குத் தோல்நோய் குறைவு, நம் வெயில் பழக்கம், கண்டதைக் கடிக்கும் வயது தாண்டியிருக்கும். வேலைக்குப் போகும் வீட்டுக்கு அதுதான் பொருத்தம்.

தீராத வலியில் துடிப்பதை மருத்துவர் ஊசி போட்டுப் போகவிடுவது சரியா என்று பலர் தயங்கிக் கேட்கிறார்கள். பிழைக்க வழியில்லாத காயம், தீராத நோய் என்று கால்நடை மருத்துவர் உறுதிசெய்தால் சட்டம் அனுமதிக்கிறது. அதைச் செய்யும் காப்பகத்தைக் கொலைகாரர்கள் என்று ஏசாதீர்கள்.

இனி எல்லாவற்றுக்கும் அடிப்படையான விஷயம். கூண்டுகள் நிரம்பாமலிருக்க வேண்டுமென்றால் தெருவில் பிறப்பு குறைய வேண்டும்.

இதை நம் ஊரில் முதலில் சொன்னவர்கள் சென்னையின் புளூ கிராஸ் அமைப்பினர். விமானி கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் 1959இல் தொடங்கிய அமைப்பு அது. அந்தக் காலத்தில் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. எத்தனை கொன்றாலும் எண்ணிக்கை குறையவில்லை. ஒரு தெருவின் நாய்களை அகற்றினால் அங்கே கிடைக்கும் சாப்பாட்டைத் தேடிப் பக்கத்துத் தெரு நாய்கள் வந்துவிடும், பிழைத்தவை மீண்டும் குட்டி போடும். 1964இலேயே கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் வேலையை புளூ கிராஸ் தொடங்கியது. மாநகராட்சி அதை ஏற்க முப்பது ஆண்டுகள் ஆயின. 2001இல் அது நாடு முழுமைக்கும் விதியானது, 2023இல் புது விதிகள் வந்தன.

நடக்குமா என்று கேட்பவர்களுக்கு பூட்டானைக் காட்டலாம். 1,50,000க்கும் மேற்பட்ட நாய்களுக்குக் கருத்தடை செய்து, தெருநாய்கள் அனைத்துக்கும் செய்து முடித்துவிட்டதாக 2023இல் அந்த நாடு அறிவித்தது. அரசு, ராணுவம், தொண்டர்கள் எல்லோரும் சேர்ந்து இறங்கியதால் நடந்தது. பாதி நாய்களுக்குச் செய்துவிட்டு நிறுத்தினால் மீதிப் பாதி குட்டி போட்டுப் பழைய எண்ணிக்கைக்கே கொண்டுவந்துவிடும். நம் நகரங்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

நீதிமன்றம் எல்லா நாய்களையும் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டதே என்கிறீர்களா? 2025 ஆகஸ்டில் டெல்லிப் பகுதிக்கு உச்ச நீதிமன்றம் முதலில் அப்படிச் சொன்னது. அதே மாதம் 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், ரேபிஸ் கண்டவையும் மூர்க்கமானவையும் விலக்கு, சாப்பாடு போடுவதற்குக் குறிப்பிட்ட இடம் ஒதுக்க வேண்டும். நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடிப்பவற்றை அங்கே திரும்ப விடக்கூடாது என்றது. ஆகவே சாப்பாடு போடுகிறவர்கள் பள்ளி வாசல், குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி இவற்றைத் தவிர்த்து, குடியிருப்போர் சங்கத்தோடு பேசி ஒதுக்குப்புறமான இடத்தையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்குப் பயப்படுகிற அண்டை வீட்டாரின் பயம் நியாயமானது. அதை மதித்தால்தான் உங்கள் நாய்களுக்கும் பாதுகாப்பு.

இதில் உங்களால் மட்டுமே செய்ய முடிகிற ஒன்று இருக்கிறது. தினமும் சாப்பாடு போடும் உங்களைத்தான் அந்த நாய்கள் நம்புகின்றன. வலையோடு வரும் ஆட்களைக் கண்டதும் அவை ஓடிவிடும். பிடிபடாமல் தப்புவது பெரும்பாலும் சூட்டிகையான பெண் நாய்தான், அடுத்த ஈற்றும் அதனுடையதுதான். எனவே உங்கள் தெருவில் ஆண், பெண் எத்தனை, காது நுனியில் வெட்டு (கருத்தடை முடிந்ததற்கான அடையாளம்) எதற்கு இல்லை என்று ஒரு தாளில் எழுதி, நகராட்சிக்கோ காப்பகத்துக்கோ கொடுங்கள். சென்னையில் என்றால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணை அழையுங்கள். வண்டி வரும் நாளில் காலைச் சாப்பாடு போடாமல், நாய்களைக் கயிறு மாட்டி நீங்களே பிடித்துக் கொடுங்கள். வண்டி எண்ணையும் எந்த மையம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் தையல் போட்ட இடத்தில் வீக்கமோ சீழோ இருக்கிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள், இருந்தால் மையத்துக்குச் சொல்லுங்கள். ரேபிஸ் ஊசி போட்ட தேதியையும் அதே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பப் போட வேண்டும்.